மூன்றாம் அங்கத்தில் நகராத வீரபாண்டி

வீரபாண்டிக்கு வேலையே உட்கார்ந்திருப்பதுதான். பத்தொன்பது வருஷமாக அரபு நாட்டு ஜுபைலில் அதைத்தான் செய்தார். அங்கே ஆலைகளில் இரண்டு மாடி உயரத்துக்கு இரும்புக் கலங்கள் நிற்கும். வருஷத்துக்கு ஒரு தடவை ஆலையை நிறுத்தி, கலத்துக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் பண்ணுவார்கள். தோளைக் குறுக்கிக்கொண்டு ஒரு மனுஷன் நுழையலாம், அவ்வளவுதான் அதன் துவாரம். அந்தத் துவாரத்துக்கு வெளியே ஒருவர் உட்கார வேண்டும். உள்ளே போகிறவனிடம் அடையாள அட்டையை வாங்கிப் பலகையில் மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். உள்ளே ஆள் இருக்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. மூத்திரம் முட்டினாலும் மாற்றாள் வந்த பிறகுதான். அந்த வேலைக்கு ஹோல் வாட்ச் என்று பெயர்.

தொழிலாளர் கேம்பில் அவருக்குப் பட்டப்பெயர் ஓட்டைக் காவல். 'உக்காந்து சம்பளம் வாங்குற மகராசன்' என்று வெல்டர்கள் கேலி செய்வார்கள். வந்த புதிதில் கமுதியிலிருந்து மனைவி பஞ்சவர்ணம், "அங்க என்னதான் வேலை பாக்குறீக?" என்று போனில் கேட்டாளாம். "ஒரு ஓட்டையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றாராம். "அதை இங்க இருந்து பாத்தா ஆகாதா?" என்று அவள் போனை வைத்துவிட்டாளாம். இதை அவரே சிரிக்காமல் சொல்வார்.

அந்த வேலை அவர் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது. ரூமில் ஆறு பேர். ஆறாவது ஆள் வந்து செருப்பைக் கழற்றும் வரை தூங்க மாட்டார். குளித்துக்கொண்டிருக்கிறவன் கொஞ்சம் தாமதித்தால் கதவைத் தட்டி, "இருக்கியா?" என்பார். உள்ளேயிருந்து கெட்ட வார்த்தை வந்தால் நிம்மதியாகத் திரும்பிவிடுவார்.

நான் சுகிர்தராணி. அல் கோபாரில் ஒரு ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ். எனக்கு வாய் நீளம் என்பார்கள், உண்மைதான். வீரபாண்டி மேல் எனக்கு மரியாதை கிடையாது. மூன்று வருஷமாக அந்த ஆளை நினைத்தாலே காறித் துப்பத்தான் தோன்றியது. காரணம் லிஜி.

லிஜி என் வார்டில் வேலை பார்க்கிற பெண். முட்டம் கடற்கரைக்காரி. அவள் புருஷன் ரெனீஷ் ஜுபைலில் டெக்னீஷியன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கலத்துக்குள் போனவன் பிணமாகத்தான் வெளியே வந்தான். உள்ளே நைட்ரஜன் நிறைந்திருந்தது. அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. இரண்டு மூச்சு, ஆள் காலி. கம்பெனி அறிக்கையில் எழுதினார்கள்: 'இறந்தவர் யாருடைய அனுமதியும் இன்றி, தன் விருப்பத்தின் பேரில் உள்ளே சென்றார்.'

தன் விருப்பத்தின் பேரில்! அந்த மூன்று வார்த்தை பண்ணின அநியாயம் கொஞ்சமில்லை. காற்று இல்லை என்று தெரிந்த டெக்னீஷியன் தானாக ஏன் போவான் என்று ஊரில் பேச ஆரம்பித்தார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ இருந்திருக்கும் என்றார்கள். தெரிந்தே போய்ச் செத்தவன் என்றார்கள். நினைவுப் பூசைக்கு வந்தவர்கள்கூட மாமியார் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். அந்தப் பேச்சு கடல் கடந்து கோபார் பள்ளிக்கூடத்துக்கும் வந்து சேர்ந்தது. மகள் ஜெஸ்மிக்குப் பன்னிரண்டு வயது. அவள் வகுப்புத் தோழி ஒருத்தி, "உன் அப்பா வேணும்னேதான் செத்தாராமே" என்று கேட்டுவிட்டாள். அன்று ஜெஸ்மி வீட்டுக்கு வந்து, "மம்மி, அப்பாவுக்கு நம்மளப் பிடிக்கலையா?" என்றாள்.

லிஜி கேட்டதெல்லாம் ஒரே ஒரு சொல். ரெனீஷ் தானாகப் போனானா, யாராவது போகச் சொன்னார்களா? அதைச் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான். அன்று அந்தத் துவாரத்தில் ஹோல் வாட்ச் வீரபாண்டி. அவரோ 'நான் இடத்தில் இல்லை, எனக்கு ஒன்றும் தெரியாது' என்று ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். லிஜி இரண்டு தடவை கேம்புக்குப் போனாள். இரண்டு தடவையும் ஆள் பின்வாசல் வழியாக ஓட்டம். இப்படிப்பட்ட வீராதி வீரனுக்கு வீரபாண்டி என்று பெயர் வைத்தவனை என்ன சொல்ல?

இப்படி இருக்கையில்தான் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு அமெரிக்க நாடகப் பைத்தியம் பிடித்தது.

பைத்தியத்தைக் கொண்டுவந்தவர் ரெங்கராஜ். ஒரு கம்பெனியில் கொள்முதல் மேலாளர். மகள் பிரசவத்துக்கு நியூஜெர்சி போய் ஆறு மாதம் பேரனுக்கு டயப்பர் மாற்றிவிட்டுத் திரும்பியவர். வந்து இறங்கியதும் அமெரிக்க நாடக நிபுணர் ஆகிவிட்டார். நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு சோக நாடகத்தைக் கையோடு கொண்டுவந்து, தானே தமிழாக்கி, தானே இயக்கி, தானே கதாநாயகனின் அப்பாவாகவும் நடிப்பதாக அறிவித்தார். எழுதியவர் பெயரை மூன்று நாளில் மூன்று விதமாக உச்சரித்தார். ஆகவே நான் அதை இங்கே எழுதப்போவதில்லை.

கதை ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு பிடிவாதக்கார விவசாயி. பட்டணம் போகத் துடிக்கிற ஒரே மகன். மாட்டுத் தீவனத்தைப் பச்சையாகக் கொட்டி மூடி வைக்கிற பெரிய குதிர் ஒன்று. தீவனம் உள்ளே புளித்து விஷக்காற்று கிளம்பியிருக்கிறது. பொழுது சாய்வதற்குள் இறங்கித் தீவனத்தைச் சமன் பண்ணு என்று அப்பா சொல்கிறார். மகன் இறங்குகிறான், வரவில்லை. மூன்றாம் அங்கம் முடிந்தது.

முதல் ஒத்திகையில் ரெங்கராஜ் நாடகத்தை வாசிக்கவில்லை. முன்னுரையை வாசித்தார், நாற்பது பக்கம். முதல் நாள் பார்த்த பத்திரிகைக்காரர்கள், 'இது சோகமல்ல, விபத்து. செய்தித்தாளில் நாலாம் பக்கத்தில் வரவேண்டியதை மேடையில் ஏற்றியிருக்கிறார்கள்' என்று கிழித்தார்களாம். ஒன்பதே நாளில் நாடகம் சுருண்டதாம். முப்பது வருஷம் கழித்து ஒரு பேராசிரியர் தூசு தட்டி எடுத்து, இது விபத்தல்ல, விதி என்றாராம். அடுத்தவர், விதியல்ல, தந்தை மகன் மனச்சிக்கல் என்றாராம். அதற்கடுத்தவர் முதலாளித்துவம் என்றாராம். நூறு வருஷமாக மூட்டை மூட்டையாக எழுதியிருக்கிறார்கள். இறங்குவதற்கு முன்னால் உள்ளே காற்று இருக்கிறதா என்று ஒரு விளக்கைக் கட்டி இறக்கிப் பார்த்திருக்கலாமே என்று ஒரு அறிவாளியும் கேட்கவில்லை.

மேடையில் குதிர் கட்ட இரண்டு ஆள் வேண்டுமென்று ரெங்கராஜ் சங்கத் தலைவரிடம் கேட்டார். தலைவர் கல்யாணசுந்தரம். ரெனீஷ் வேலை பார்த்த ஒப்பந்தக் கம்பெனியில்தான் அவரும் பெரிய ஆள். சங்கப் பத்திரிகையில் 'விமரிசனப் பார்வை' என்று மாதாமாதம் எழுதுகிறவர். அவர் கேம்பிலிருந்து அனுப்பிவைத்த இரண்டு பேரில் ஒருவர் வீரபாண்டி.

அவரைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நான் அங்கே வசனம் எடுத்துக்கொடுக்கிறவள். தாளைத் தூக்கி வீசிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்த ஆள் பிளைவுட்டில் அந்தக் குதிர் வேலையை அத்தனை சுத்தமாகச் செய்துகொண்டிருந்தார். வேலைக்காரன் வேஷம் போடவேண்டிய பல் டாக்டர் லீவில் ஊருக்குப் போய்விட, அந்த வேஷமும் அவருக்கே வந்தது. குதிர் வாசலில் நிற்க வேண்டும், குதிரையைக் கட்டப் போக வேண்டும், திரும்பி வந்து, 'ஐயோ, சின்ன எஜமான்!' என்று அலற வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை ஒத்திகையில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏம்மா, அந்தப் பய எதுக்குக் குதிருக்குள்ள போறான்?"

"அப்பா போகச் சொல்லுதாரு, போறான். உமக்கென்ன?"

"சொன்னாருன்னு இதுல எழுதியிருக்கா?"

"எழுதாம பின்ன?"

"அதை மேடையில சத்தமாச் சொல்வாகளா?"

"காதுக்குள்ளயா சொல்லுவாவ? அம்புட்டு பேரும் கேட்கத்தான் சொல்லுவாவ" என்றேன். தாளை வாங்கி அந்த வரியை விரலை வைத்து இரண்டு தடவை வாசித்தார். வாசித்துவிட்டு மறுபடி ஆணி அடிக்கப் போனார்.

அடுத்த வாரம் கல்யாணசுந்தரம் ஒத்திகை பார்க்க வந்தார். சோபாவில் சாய்ந்து, கண்ணை மூடிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு எப்படிப் பார்ப்பது என்று கேட்காதீர்கள், பெரிய விமரிசகர்கள் அப்படித்தான் பார்ப்பார்களாம். முடிந்ததும் சொன்னார்:

"ரெங்கராஜ், எல்லாம் பிரமாதம். ஒரு இடம்தான் உறுத்துது. அப்பா போகச் சொன்னதும் பையன் போறான். அப்ப அப்பாதானே கொன்னதா ஆகும்? அது மலினமா இருக்கு. பையன் தானாப் போகட்டும். என்னை யாரும் தடுக்க முடியாதுன்னு சொல்லிட்டுப் போகட்டும். அப்பத்தான் ஊழ் வரும். ஊழ், ரெங்கராஜ், ஊழ்!"

அந்த ழகரத்துக்கு அவர் நாக்கை மடித்த மடிப்பைப் பார்த்திருக்க வேண்டும். ரெங்கராஜ் உருகிவிட்டார். அமெரிக்காக்காரனுக்கே தோன்றாத நுட்பம் என்று அங்கேயே என் கையிலிருந்த தாளை வாங்கி, அப்பாவின் வரியைப் பென்சிலால் அடித்தார். மேலே புது வரி எழுதினார்.

வீரபாண்டி சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "அதை அடிச்சிட்டாகளா?" என்றார்.

"ஊழ் வரணுமாம்" என்றேன்.

அவர் ஒரு தினுசாகச் சிரித்தார். மர மண்டை, என்ன புரிந்து சிரிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஒத்திகையில் தகராறு. மகன் உள்ளே இறங்கும்போது மேடையில் அவன் மட்டும் இருக்கவேண்டும் என்பது ரெங்கராஜின் கலை. வேலைக்காரன் அதற்கு முன்பே குதிரையைக் கட்டப் போய்விட வேண்டும். வீரபாண்டி போக மாட்டேன் என்றார். "ஆளு இறங்குறான் சார். நான் எப்படி எந்திரிச்சுப் போறது?" என்பார். "யோவ், அது நாடகம்யா!" என்று ரெங்கராஜ் கத்துவார். ஒருவழியாகப் பத்தடி போவார், திரும்பித் திரும்பிக் குதிர் வாசலையே பார்ப்பார். கெஞ்சிக் கூத்தாடி, கடைசி ஒத்திகையில் மட்டும் ஒழுங்காக வெளியே போனார். ரெங்கராஜ் அவருக்குக் கைகொடுத்தார்.

நாடகம் தம்மாமுக்கு வெளியே ஒரு இஸ்திராஹாவில். விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுகிற தோட்ட வீடு அது. முன்வரிசையில் சோபா, நடுவில் குடும்பங்களுக்கு நாற்காலி, பின்னால் தரைவிரிப்பில் ஜுபைல் கேம்பிலிருந்து பஸ்ஸில் வந்த எழுபது பேர். கலை எல்லாருக்கும் சமம் என்று தொடக்க உரையில் சொன்னார்கள். லிஜியை நான்தான் இழுத்து வந்தேன். மூன்று வருஷமாக ட்யூட்டி, வீடு, அழுகை என்று கிடக்கிறாளே என்ற ஆதங்கம். ஜெஸ்மிக்குப் பரீட்சை, பக்கத்து வீட்டில் விட்டு வந்தாள். வீரபாண்டி நடிக்கிறார் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டாள்.

இரண்டு அங்கம் ரெங்கராஜ் தொண்டை கிழியக் கத்தி ஓட்டினார். முன்வரிசையில் ஏலக்காய் டீ சுற்றியது. மூன்றாம் அங்கம். கவிழ்த்துப் போட்ட வாளியில், குதிர் வாசலுக்கு முன்னால் வீரபாண்டி. மகனாக நடித்தவன் ஆல்டோ, எங்கள் ஆஸ்பத்திரி லேப் பையன். நெஞ்சை நிமிர்த்தி வந்து, "நானே போகிறேன்! என்னை யாரும் தடுக்க முடியாது!" என்றான்.

வீரபாண்டி எழுந்து போகவேண்டிய இடம் இது. எழவில்லை. கையை நீட்டினார்.

"கார்டைக் குடு."

ஆல்டோ விழித்தான். நான் திரைக்குப் பின்னாலிருந்து, "குதிரை, குதிரை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துக்கொடுத்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரைவிரிப்பிலிருந்து அம்மையப்பன் என்கிற வெல்டர், "தம்பி, மொதல்ல உள்ள காத்துக்குக் கேஸ் டெஸ்ட் பண்ணியாச்சான்னு கேளு!" என்று கத்தினான். எழுபது பேரும் சிரித்துக் கைதட்டினார்கள். சோபாக்காரர்கள் திரும்பி முறைத்தார்கள்.

ரெங்கராஜ் அப்பா வேஷத்தோடு மேடைக்கு ஓடிவந்து சமாளிக்கப் பார்த்தார். "வேலைக்காரா! குதிரை அவிழ்ந்துவிட்டது, ஓடிப்போய்க் கட்டு!"

"குதிரை போனாப் போகட்டுஞ் சார். ஆளு இருக்கான்."

மறுபடி கைதட்டல், விசில். ரெங்கராஜ் அவர் கையைப் பிடித்து எழுப்பி, மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மைக் வாங்கிக்கொண்டது. "அஞ்சு நிமிஷம் அந்தப் பக்கம் போய்யா, உனக்குக் கோடிப் புண்ணியம்."

வீரபாண்டி கையை உதறினார். மேடை விளிம்புக்கு வந்து முன்வரிசையைப் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம்னுதான் அன்னைக்கும் சொன்னீக, கல்யாணசுந்தரம் சார். காத்து விடுற ஹோஸ் ஸ்டோர்ல கெடக்கு, எடுத்துட்டு வான்னீக. மாத்தாளு இல்லாம எந்திரிக்க மாட்டேன்னேன். நான் நிக்கிறேன்ல, போடான்னீக. போனேன். ரெனீஷு வெளியதான் நின்னுச்சு. 'அண்ணன் வரட்டும் சார், காத்து விடாம உள்ள போகமாட்டேன்'னு சொன்னுச்சு. படியில இறங்கையில என் காதால கேட்டேன். 'மேலிடத்துல போட்டோ கேக்குறாங்க, யல்லா, சீக்கிரம், ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டு வா'ன்னு நீங்கதான் தோளைப் பிடிச்சுத் தள்ளுனீக. திரும்பிப் பாத்தேன் சார். பாத்துட்டுத்தான் போனேன். ஹோஸோட வந்தப்பப் பலகையில கார்டு இல்ல. ஆளு உள்ள கெடந்தான்."

விரிப்பில் பாதிப் பேர் கையில் போன் உயர்ந்திருந்தது. சோபாவில் ஒரு அம்மாள், "ரொம்ப மாடர்னா எடுத்திருக்காங்க" என்றாள். கல்யாணசுந்தரம் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். சிரித்து, கைதட்டி, "சபாஷ்!" என்றார். முன்வரிசை முழுக்க அவரைப் பார்த்துக் கைதட்டியது. வெட்கம் கெட்ட ஜென்மங்கள். ரெங்கராஜ் தானே ஓடிப்போய்த் திரையை இழுத்தார்.

லிஜி கார் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தாள். "அக்கா, அது நாடகத்துல உள்ளதா?" என்று கேட்டாள்.

"இல்லட்டி. நாடகத்துல அப்படி ஒரு எழவும் இல்ல."

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாளே விமரிசனங்கள் வந்து குவிந்தன. சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் பதினொன்று. எண்ணிப் பார்த்தேன். ஒருவர் ஒளியமைப்பைப் பாராட்டியிருந்தார். ஒருவர் பிரியாணியைப் பாராட்டியிருந்தார். பதினொரு பேரும் சேர்ந்து வீரபாண்டியைக் கிழித்திருந்தார்கள். பாமரனை மேடையேற்றினால் இதுதான் கதி என்றார் ஒருவர். நாடகத்துக்குச் சம்பந்தமில்லாத தொழிற்சாலைப் புலம்பல் என்றார் இன்னொருவர். ரெனீஷ் என்பது யார் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எல்லாவற்றுக்கும் சிகரம் கல்யாணசுந்தரம். அவசர அவசரமாக எழுதி, காலையிலேயே தன் புகைப்படத்தோடு போட்டிருந்தார். 'மூலத்திலும் இல்லாத, மொழிபெயர்ப்பிலும் இல்லாத, ஒத்திகையிலும் ஒருமுறையேனும் சொல்லப்படாத சொற்களை ஒரு கூலித் தொழிலாளி மேடையில் உளறி, உலக நாடகம் ஒன்றின் ஊழைக் கொன்றுவிட்டார்.'

கேம்பில் எடுத்த வீடியோ அதற்குள் ஆலைக்காரர்களின் கைக்குப் போய்விட்டது. ஆலையின் பாதுகாப்பு அதிகாரி அஸ்கர் அலி, பெஷாவர்க்காரர், தமிழ் ஒரு எழுத்து தெரியாது. யாரோ அவருக்கு ஹிந்தியில் சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். ஒரே வாரத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார். இறந்தவனின் மனைவி என்று லிஜியை அழைத்தார். நாடகத் தாள் என்னிடம் இருந்ததால் நானும் போனேன்.

நீள மேஜை. ஒரு பக்கம் கல்யாணசுந்தரம், இஸ்திரி போட்ட சட்டையில். எதிரே வீரபாண்டி, வேலைச் சட்டையில். அவர் லிஜியை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

கல்யாணசுந்தரம் ஹிந்தியில் சரளமாக ஆரம்பித்தார். இது வெறும் நாடக வசனம் பாய், கலையை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்தால் எப்படி, அந்த ஆள் படிப்பில்லாதவன், நாடகத்தையும் நிஜத்தையும் குழப்பிக்கொண்டான் என்றார். நான் தாளைக் காட்டி, இதில் அந்த வசனம் இல்லை என்றேன். கடைசி ஒத்திகையில் இயக்குநர் வாய்மொழியாகச் சேர்த்தார் என்று அவர் கண்ணிமைக்காமல் சொன்னார். ரெங்கராஜுக்குப் போன் போட்டார்கள். ரெங்கராஜ் எடுக்கவில்லை. கலைஞர் அல்லவா!

அப்போதுதான் லிஜி கைப்பையைத் திறந்தாள். பதினொரு விமரிசனத்தையும் அச்செடுத்து வைத்திருந்தாள். மேலே இருந்ததை எடுத்து அஸ்கர் அலி முன்னால் வைத்தாள். கல்யாணசுந்தரத்தின் புகைப்படம் பெரிதாகச் சிரித்தது.

அஸ்கர் அலி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேஜையின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளினார். "ஆப் ஹி கா ஹை. ஆப் ஹி படியே. ஹிந்தி மே." உங்களுடையதுதான், நீங்களே ஹிந்தியில் படியுங்கள் என்றார்.

தன் எழுத்தைத் தானே மொழிபெயர்க்கிற பாக்கியம் எத்தனை விமரிசகர்களுக்குக் கிடைக்கும்! கல்யாணசுந்தரம் கண்ணாடியைத் துடைத்தார். முதல் பத்தியில் ஒளியமைப்பைப் பற்றி வாசித்தார். ஆகே, மேலே படியுங்கள் என்றார் அஸ்கர் அலி. இசையைப் பற்றி வாசித்தார். ஆகே. தொண்டையைச் செருமினார், தண்ணீர் குடித்தார். அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போகப் பார்த்தார். "ஏய், ஒரு வரி விட்டுப்போச்சு" என்று நான் விரலை வைத்தேன். ஒத்திகையில் எத்தனை பேருக்கு எடுத்துக்கொடுத்திருப்பேன், ஆனால் அன்று எடுத்துக்கொடுத்த சுகம் வேறு.

வாசித்தார். மூலத்தில் இல்லை. மொழிபெயர்ப்பில் இல்லை. ஒத்திகையில் ஒருமுறைகூடச் சொல்லப்படவில்லை. அவர் குரலில் ழகரமும் இல்லை, ஊழும் இல்லை.

"தோ ஃபிர் யே கிஸ்கா டயலாக் ஹை?" என்றார் அஸ்கர் அலி. அப்படியென்றால் இது யாருடைய வசனம்?

கல்யாணசுந்தரம் மேஜையைப் பார்த்தார். வீரபாண்டிதான் வாயைத் திறந்தார். தன் உடைந்த ஹிந்தியில், மேடையில் சொன்னதை ஒன்றுவிடாமல் மறுபடி சொன்னார். சொல்லி முடித்து, "நானும் எந்திரிச்சுப் போனேன் பாய். மாத்தாளு இல்லாமப் போனேன். அதையும் எழுதணும்" என்றார்.

அதை எழுதினால் ஹோல் வாட்ச் அட்டை போய்விடும், இங்கே இனி வேலை கிடைக்காது, தெரியுமா என்று அஸ்கர் அலி கேட்டார். தெரியும், எழுதுங்கள் என்றார். எழுதின தாளை எனக்குக் கொடுத்து, "ஏம்மா, அது இருக்கான்னு பாரு" என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார். இந்த மனுஷனையா இத்தனை நாள் கரித்துக் கொட்டினேன் என்று எனக்கு உறைத்தது. கூடவே, மூன்று வருஷம் கழித்துத்தானே வாயைத் திறந்தார் என்ற ஆத்திரமும் போகவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

வெளியே நடையில் லிஜி அவரை நிறுத்தினாள்.

"மூணு வருஷம் இத நெஞ்சுக்குள்ள வச்சிட்டு எப்பிடி அண்ணே சோறு இறங்கிச்சு?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இறங்குச்சும்மா. நல்லாத்தான் இறங்குச்சு. அதான் அசிங்கமா இருக்கு."

லிஜி அவரை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. "அவரு சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். "அண்ணன் வரட்டும் சார், காத்து விடாம உள்ள போகமாட்டேன்" என்று அவர் சொன்னார். அவள் உதடு அசைய அதை மனப்பாடம் செய்துகொண்டாள்.

இருபது நாளில் வீரபாண்டிக்கு எக்ஸிட் விசா அடித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கல்யாணசுந்தரம் வேலையை விட்டுக் கத்தாருக்குப் போனார். அங்கேயும் ஒரு சங்கம் இருக்கும், அங்கேயும் சோபா போட்டிருப்பார்கள். ரெங்கராஜ் அடுத்த வருஷம் நகைச்சுவை நாடகம் போடுவதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

திருத்திய அறிக்கை போன மாதம் லிஜி கைக்கு வந்தது. 'தன் விருப்பத்தின் பேரில்' என்பதை எடுத்துவிட்டு, மேற்பார்வையாளர் கட்டளையின் பேரில், மறுப்புத் தெரிவித்த பின்னரும் அனுப்பப்பட்டார் என்று போட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் நான் அவள் வீட்டில் இருந்தேன். லிஜி ஜெஸ்மியைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆங்கிலத் தாளை வாசிக்கச் சொன்னாள். அப்பா பேசின வாக்கியத்தைத் தமிழில் சொன்னாள்.

ஜெஸ்மி தாளை இரண்டு தடவை வாசித்தாள். அழவில்லை. எழுந்து போய்ப் போனை எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணைக் கூப்பிட்டாள்.

"எங்க அப்பா நோ சொன்னாரு, தெரியுமா? போகமாட்டேன்னு சொன்னாரு. அவங்கதான் தள்ளி விட்டாங்க. ரிப்போர்ட்ல இருக்கு. சாரி சொல்லு."

அந்தப் பக்கம் அந்தப் பெண் ஏதோ இழுத்தாள் போலிருக்கிறது. ஜெஸ்மி போனைக் காதில் அழுத்திக்கொண்டு, கதவோரம் நின்றபடி, சாரி வரும் வரைக்கும் வைக்கவில்லை.